போங்காட்டத்தைத் தடுக்க எதில் முதலில் காசு போடுவது? சிறிய கேம் குழுக்களுக்கான ஒப்பீடு

ஐந்தாறு பேர் கொண்ட குழு ஒன்று, 5 பேருக்கு 5 பேர் மோதும் துப்பாக்கிச் சுடும் ஆன்லைன் கேம் ஒன்றை வெளியிடப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். கேம் கொஞ்சம் பேசப்பட்டாலே போதும், போங்காட்டக்காரர்கள் வந்துவிடுவார்கள். சுவருக்குப் பின்னால் நிற்பவரைக் காட்டும் வால்ஹேக், தானே தலையைக் குறிவைக்கும் ஏம்பாட், ஓட்டத்தைக் கூட்டும் ஸ்பீட்ஹேக் எல்லாம் மாதச் சந்தாவுக்கே விற்கப்படுகின்றன.

எதிர்கொள்ள நான்கு வழிகள் உண்டு. சர்வரை இறுக்கலாம். ஆட்டக்காரரின் கணினியில் காவல் மென்பொருள் வைக்கலாம். ஆட்டத் தரவை வைத்துக் கணக்குப் போட்டுப் பிடிக்கலாம். ஆட்டக்காரர்கள் அனுப்பும் ரிப்போர்ட்டை விசாரிக்கலாம். வால்வ், ரயட் போன்ற பெரிய நிறுவனங்கள் நான்கையும் சேர்த்தே செய்கின்றன. சிறிய குழுவுக்கு அதற்கு ஆளும் இல்லை, பணமும் இல்லை. முதல் பணம் சர்வருக்குப் போக வேண்டும், அடுத்தது ஆட்டப் பதிவுக்கும் ரிப்போர்ட் விசாரணைக்கும் என்பது எங்கள் முடிவு. காவல் மென்பொருளைச் சொந்தமாக எழுதவே கூடாது. தரவிலிருந்து தானே கற்றுக்கொண்டு பிடிக்கும் இயந்திரக் கற்றலைக் கடைசியில் தொட்டால் போதும்.

சர்வர்: அனுப்பாத தகவலைத் திருட முடியாது

வால்ஹேக் புதிதாக எதையும் கண்டுபிடிப்பதில்லை. ஆட்டக்காரரின் கணினிக்கு ஏற்கெனவே வந்துவிட்ட எதிரியின் இடத்தை எடுத்துத் திரையில் வரைகிறது, அவ்வளவுதான். அந்த இடத்தைச் சர்வர் அனுப்பாமல் இருந்தால் வரைய ஒன்றும் இருக்காது. 2020-இல் வாலரன்ட் கேமை வெளியிட்டபோது ரயட் இதைத்தான் செய்தது. எதிரி கண்ணில் படப்போகும் நேரத்துக்குச் சற்று முன்புவரை அவருடைய இடம் மற்ற கணினிகளுக்குப் போகாது.

இதன் செலவைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 10 ஆட்டக்காரர்கள், ஒவ்வொருவருக்கும் 5 எதிரிகள் என்றால் 50 ஜோடி. உடலைச் சுற்றியுள்ள பெட்டியின் 8 மூலைகளுக்கும், நடுவில் சுவர் மறைக்கிறதா என்று பார்க்கும் பார்வைக்கோடு விட்டால் ஒரு டிக்குக்கு, அதாவது சர்வர் ஆட்ட நிலையை ஒருமுறை புதுப்பிப்பதற்கு, 400 கோடுகள். விநாடிக்கு 64 டிக் ஓடும் சர்வரில் அது 25,600 ஆகும். வரைபடத்தைக் கட்டங்களாகப் பிரித்து, எந்தக் கட்டத்திலிருந்து எந்தக் கட்டம் தெரியவே தெரியாது என்று முன்கூட்டியே கணித்து வைத்தால் இதில் பெரும்பகுதி குறைந்துவிடும்.

சிக்கல் வருவது தாமதத்தில். எதிரி மூலையைத் தாண்டிய பிறகு தகவலை அனுப்பினால், அவர் திடீரென்று வெறும் வெளியில் முளைத்தது போலத் தெரிவார். 80 மில்லிவிநாடி பிங் (தகவல் சர்வருக்குப் போய்த் திரும்பும் நேரம்), அதோடு திரையில் அசைவைச் சீராக்க எடுத்துக்கொள்ளும் 30 மில்லிவிநாடி, ஆக 110. இருவரும் விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் மூலையை நோக்கி ஓடினால் அந்த நேரத்தில் ஆளுக்கு 55 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுவார்கள். ஆகவே இருவருடைய பெட்டியையும் அவர்கள் போகும் திசையில் அந்த அளவு நீட்டிவைத்துப் பார்வைக்கோடு விட வேண்டும். பிங் 200-ஐத் தொடும் ஆட்டக்காரர்கள் இருந்தால் இன்னும் தாராளமாக நீட்ட வேண்டும். வால்ஹேக்குக்கு ஒரு கண நேரப் பலன் கிடைக்கத்தான் செய்யும். ஆனால் ஆட்டம் முழுக்க வரைபடத்தையே திறந்து வைத்திருப்பதோடு ஒப்பிட்டால் அது சின்ன இழப்பு. காலடி ஓசையை மறந்துவிடக் கூடாது. ஓசையோடு எதிரியின் துல்லியமான இடத்தையும் சேர்த்து அனுப்பினால், பூட்டிய வீட்டுக்குக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்தது போலாகும்.

ஸ்பீட்ஹேக்குக்கு மருந்து இன்னும் எளிது. ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று கிளையன்ட், அதாவது ஆட்டக்காரரின் கணினியில் ஓடும் கேம், சொல்வதை ஏற்கவே கூடாது. எந்தப் பொத்தானை அழுத்தினார் என்பதை மட்டும் வாங்கிக்கொண்டு, நகர்வைச் சர்வர் தானே கணிக்க வேண்டும். 64 டிக் சர்வரில் ஒருவருக்கு விநாடிக்கு 64 கட்டளைகள்தான் சேர வேண்டும். இங்கே அவசரப்பட்டால் நல்லவர்கள் அடிபடுவார்கள். மொபைல் இணையத்தில் ஆடுபவரின் கட்டளைகள் சற்று நேரம் தேங்கி, பிறகு மொத்தமாக வந்து கொட்டும். 8 அல்லது 10 கட்டளைகள் வரை சேமிப்பில் விட்டு, அதற்கு மேல் வருவதைக் கழித்துவிட்டால் போதும். அதற்காக யாரையும் தடைசெய்ய வேண்டியதில்லை.

துப்பாக்கி சுடும் இடைவெளி, தோட்டாக் கணக்கு இரண்டும் சர்வர் கடிகாரத்தில் ஓட வேண்டும். தோட்டா சிதறும் திசையைத் தீர்மானிக்கும் ரேண்டம் விதையை (தற்செயல் எண்களை உருவாக்கத் தொடங்கும் எண்ணை) கிளையன்ட்டோடு பகிர்ந்தால், எங்கே சிதறும் என்று ஹேக் முன்பே கணித்துச் சரிசெய்துகொள்ளும். சர்வருக்குத் தனி விதை வேண்டும். தாமதத்தை ஈடுகட்ட, சுட்டவர் கண்ட கணத்தில் எதிரி எங்கே நின்றார் என்று சர்வர் ஆட்டத்தைப் பின்னோக்கிப் பார்க்கும் வசதியிலும் ஓட்டை உண்டு. வால்வின் கேம்களை இயக்கும் சோர்ஸ் இன்ஜின் அதிகபட்சம் 1 விநாடி பின்னோக்கும். கிளையன்ட் சொல்லும் நேரம் சர்வரின் கணிப்பிலிருந்து 0.2 விநாடிக்கு மேல் விலகினால், தன் கணிப்பையே எடுத்துக்கொள்ளும். அந்த 0.2 விநாடிக்குள் பொய் சொல்லி, எதிரி சற்றுமுன் நின்ற இடத்தில் சுட்டு வீழ்த்துவதுதான் பேக்ட்ராக் என்ற ஹேக். உங்கள் கேமில் இந்த இடைவெளி எவ்வளவு என்று குழுவில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

இத்தனை செய்தும் ஏம்பாட்டைச் சர்வரால் நிறுத்த முடியாது. கண்முன் நிற்கும் எதிரியைக் குறிவைப்பது ஆட்டத்தின் விதிக்கு உட்பட்ட செயல். மனிதக் கை செய்ததா, மென்பொருள் செய்ததா என்பது சர்வருக்குத் தெரியாது.

காவல் மென்பொருள்: கர்னலா, வெளியேவா

இதில் இரண்டு அணுகுமுறைகள் உண்டு. 2002-இல் கவுன்டர்-ஸ்ட்ரைக்குக்கு வந்த வால்வின் ‘வாக்’, மற்ற மென்பொருள்கள் ஓடும் அதே மட்டத்தில் ஓடி, தெரிந்த ஹேக்குகளின் அடையாளத்தைத் தேடுகிறது. ரயட்டின் வான்கார்ட், விண்டோஸின் மிக உயர்ந்த அதிகாரம் கொண்ட உட்பகுதியான கர்னலுக்குள், டிரைவர் என்ற வகை நிரலாகக் கணினி தொடங்கும்போதே ஏறி உட்காருகிறது. நடுவில் அதை மூடிவிட்டால், கணினியை மறுபடி தொடங்கினால்தான் ஆட முடியும். ஹேக் கர்னலில் இருந்து, காவல் வெளியே இருந்தால் ஹேக் கை ஓங்கும். அந்த வகையில் வான்கார்ட்டுக்கே பலம் அதிகம்.

ஆனால் அந்தப் பலத்துக்கு விலை உண்டு. 2016-இல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5-க்கு கேப்காம் அனுப்பிய டிரைவர், கணினியில் ஓடும் எந்த நிரலும் கர்னல் அதிகாரம் பெறும்படி வழிவிட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் திரும்பப் பெற்றார்கள். 2022-இல் கென்ஷின் இம்பாக்ட்டின் காவல் டிரைவரை, கணினியைப் பூட்டிப் பணம் பறிக்கும் ரான்சம்வேர் கும்பல் தனியாக எடுத்துப்போய், அந்த கேமே இல்லாத கணினிகளில் ஆன்டிவைரஸை நிறுத்தப் பயன்படுத்தியது. நம்பகமானது என்று டிஜிட்டல் கையொப்பமிட்ட டிரைவர் என்பதால் விண்டோஸ் அதை உள்ளே விட்டது. ஆள்பலம் உள்ள நிறுவனங்களுக்கே இப்படி நடக்கும்போது, ஐந்து பேர் குழு கர்னல் டிரைவர் எழுதுவது ஆட்டக்காரர்களின் கணினியைப் பணயம் வைக்கும் செயல். வேண்டாம்.

வாங்கிப் போடுவதென்றால் பேட்டில்ஐ, ஈஸி ஆன்டி-சீட் இரண்டும் பழகியவை. ஈஸி ஆன்டி-சீட்டை எபிக் நிறுவனம் தன் ஆன்லைன் சேவைகளோடு 2021-இலிருந்து இலவசமாகவே தருகிறது. லினக்ஸிலும், வால்வின் கையடக்க கேம் கருவியான ஸ்டீம் டெக்கிலும் ஓட வேண்டுமானால் இரண்டிலும் அதற்கான அனுமதியை கேம் குழுதான் திறந்துவிட வேண்டும், தானாக வராது. 2024 மே மாதம் ரயட்டின் லீக் ஆஃப் லெஜண்ட்ஸுக்கு வான்கார்ட் வந்ததும் லினக்ஸில் ஆடிக்கொண்டிருந்தவர்களுக்கு வழி அடைபட்டதை நினைவில் வைத்து முடிவெடுங்கள்.

எந்தக் காவலாக இருந்தாலும் அடையாளம் தேடும் முறை தவறிப் பிடிக்கும். 2010 ஜூலையில் மாடர்ன் வார்ஃபேர் 2 ஆடிய ஏறத்தாழ 12,000 பேரை வாக் தவறாகத் தடைசெய்தது. 2023 அக்டோபரில் ஏ.எம்.டி.யின் கிராபிக்ஸ் டிரைவரில் வந்த ஆன்டி-லேக் பிளஸ் வசதி கேமின் குறிமுறைக்குள் கைவைத்ததால், அதை இயக்கியவர்கள் கவுன்டர்-ஸ்ட்ரைக் 2-இல் தடைபட்டார்கள். 2024-இல் வெளிவந்த இன்னொன்று எல்லாவற்றையும் விடப் பாடமானது. கால் ஆஃப் டூட்டியின் காவல் மென்பொருளான ரிகோஷே, நினைவகத்தில் ஹேக் பெயர் போன்ற சாதாரண எழுத்துத் தொடர்களைத் தேடுகிறது என்று ஒருவர் கண்டுகொண்டார். அந்தச் சொற்களைச் செய்தியாக அனுப்பினாலே போதும், பெற்றவர் தடைபட்டார். வெறும் எழுத்துத் தொடரை அடையாளமாக வைத்தால் எந்த ஆட்டக்காரரையும் எவரும் மாட்டிவிடலாம்.

கர்னலையும் தாண்டிய ஹேக்குகளும் உண்டு. மதர்போர்டில் செருகும் டி.எம்.ஏ. அட்டை, நினைவகத்தை நேராகப் படித்து இரண்டாவது கணினிக்கு அனுப்பிவிடும். முதல் கணினியில் தேட எந்த நிரலும் ஓடாது. இங்கேதான் சர்வர் வேலையின் மதிப்பு தெரியும். எதிரியின் இடம் நினைவகத்திலேயே இல்லையென்றால் அட்டைக்கும் படிக்க ஒன்றுமில்லை.

கணக்குப் போட்டுப் பிடிப்பது

வால்வ் 2018-இல் விளக்கிய வாக்நெட், ஒவ்வொரு சுடுதலுக்கும் சற்று முன்னும் பின்னும் குறி நகர்ந்த விதத்தைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் அமைப்பு. ஆட்டக்காரர்கள் ரிப்போர்ட் செய்த வழக்குகளில் விசாரணைக்குப் பின் உறுதியானவை 15 முதல் 30 சதவீதம். வாக்நெட் அனுப்பிய வழக்குகளில் 80 முதல் 95 சதவீதம். அதற்காக 3,000-க்கும் மேற்பட்ட பிராசசர் கோர்களை ஓடவிட்டார்கள். அந்த அமைப்பு நேரடியாக யாரையும் தடைசெய்யவில்லை, மனித விசாரணைக்குத்தான் அனுப்பியது என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஏன் என்பதற்கு ஒரு கணக்கு. நாளொன்றுக்கு 20,000 பேர் ஆடுகிறார்கள், அதில் 1 சதவீதம், அதாவது 200 பேர் போங்காட்டக்காரர்கள் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் சோதனை அவர்களில் 95 சதவீதத்தைப் பிடிக்கிறது, நல்லவர்களில் 1 சதவீதத்தை மட்டும் தவறாகச் சந்தேகிக்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பிடிபடுவது 190 போங்காட்டக்காரர்களும் 198 அப்பாவிகளும். பாதிக்கு மேல் தவறு. தானாகத் தடைசெய்வதற்கு, தவறும் விகிதம் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் கீழே இறங்க வேண்டும். சில ஆயிரம் பேர் ஆடும் கேமில் அதை அளந்து பார்க்கக்கூடத் தரவு சேராது.

தொடக்கத்தில் எளிய எண்கள் போதும்: எதிரி தெரிந்த கணத்திலிருந்து முதல் சுடுதல் வரை எடுத்த நேரத்தின் நடுமதிப்பு, தலையில் பட்ட சுடுதலின் விகிதம், சுவருக்குப் பின்னால் இருக்கும் எதிரியைக் குறி தொடர்ந்த நேரம். ஆட்டக்காரரை அதே ரேங்க்கில் உள்ளவர்களோடு மட்டும் ஒப்பிட வேண்டும். இல்லாவிட்டால் பட்டியலின் உச்சியில் உங்கள் கேமின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்கள்தான் நிற்பார்கள்.

ரிப்போர்ட்: எண்ணிக்கையை நம்பினால் கெட்டது

சிறிய குழுவின் மிகப் பெரிய வளம் இதுதான், மிக அதிகமாக வீணடிக்கப்படுவதும் இதுதான். தோற்ற கோபத்தில் அனுப்பப்படும் ரிப்போர்ட்டே அதிகம். ‘10 ரிப்போர்ட் வந்தால் தற்காலிகத் தடை’ என்று ஒரு விதி வைத்தால், ஒரு வாரத்தில் ஆட்டக்காரர்கள் அதைக் கண்டுகொண்டு, பிடிக்காதவர்களைக் கூட்டாக ரிப்போர்ட் செய்து வெளியேற்றுவார்கள். நன்றாக ஆடும் ஸ்ட்ரீமர்தான் முதல் பலி.

ரிப்போர்ட் பொத்தான், இறந்த காட்சி திரையில் ஓடும்போதே ஒரே அழுத்தத்தில் கிடைக்க வேண்டும். ஆட்டம் முடிந்த பிறகு பட்டியலைத் திறந்து, பெயரைத் தேடி, பத்தி எழுதச் சொன்னால் விவரம் தெரிந்தவர்கள் விலகிவிடுவார்கள், கோபக்காரர்கள் மட்டும் மிஞ்சுவார்கள். அந்த அழுத்தத்தோடு ஆட்ட எண், டிக் எண், இருவரின் பிங், வழியில் தொலைந்த பாக்கெட் (தகவல் பொட்டலம்) விகிதம் ஆகியவை தானாகச் சேர வேண்டும். தகவல்கள் தொலைந்து எதிரி தாவித் தாவித் தெரிவதைப் பலர் ஸ்பீட்ஹேக் என்று ரிப்போர்ட் செய்வார்கள். அந்த எண்கள் இருந்தால் அத்தகைய வழக்குகளைப் பார்க்காமலே ஒதுக்கலாம்.

அடுத்தது எடை. ஒருவர் அனுப்பியவற்றில் உறுதியானவற்றோடு 1-ஐயும், மொத்தத்தோடு 5-ஐயும் கூட்டி வகுங்கள். புதியவருக்கு 0.2 கிடைக்கும். 10 அனுப்பி 6 உறுதியானவருக்கு 15-இல் 7, அதாவது ஏறத்தாழ 0.47. 40 அனுப்பி 2 மட்டும் உறுதியானவருக்கு 0.07-க்கும் கீழே. யாரையும் ரிப்போர்ட் செய்யவிடாமல் தடுக்க வேண்டிய தேவையே இல்லை, பொறுப்பில்லாதவரின் குரல் தானாகத் தணிந்துவிடும். ஒரே அணியாகச் சேர்ந்து வந்த 5 பேர் ஒருவரை ரிப்போர்ட் செய்தால் அதை ஒன்றாகவே எண்ண வேண்டும், அந்த ஐவரில் அதிக எடை உள்ளவருடையதை மட்டும் எடுக்கலாம். கடைசி 20 ஆட்டங்களில் சேர்ந்த எடையைக் கூட்டி, 1-ஐத் தாண்டியதும் விசாரணை வரிசையில் சேர்க்கலாம். ஆட்ட எண்ணிக்கையால் வரையறுக்காமல் நாள் கணக்கில் கூட்டினால், நிறைய ஆடுபவர் வெறுமனே நிறைய ஆடியதற்காகவே வரிசைக்கு வருவார்.

விசாரிக்கப் பதிவு வேண்டும். ஓர் ஆட்டக்காரரின் இடம், பார்வைத் திசை, பொத்தான்கள், ஆயுதம் எல்லாம் சேர்த்து டிக்குக்கு 40 பைட் என்று வைத்தால், 10 பேர், 64 டிக், 35 நிமிட ஆட்டத்துக்கு ஏறத்தாழ 54 எம்.பி. மாறியதை மட்டும் எழுதிச் சுருக்கினால் இன்னும் வெகுவாகக் குறையும். சுருக்காமலே நாளுக்கு 1,000 ஆட்டங்களை 14 நாள் வைத்தாலும் ஏறத்தாழ 750 ஜி.பி.தான். டிக்கைப் பாதியாகக் குறைத்துச் சேமிக்கலாம் என்று தோன்றும், செய்யாதீர்கள். சீராக நகர்ந்த குறி, டிக் குறைந்த பதிவில் வெட்டித் தாவியது போலத் தெரியும். விசாரிப்பவர் அதை ஏம்பாட் என்றே முடிவுசெய்வார்.

விசாரணை நடத்தும் விதத்துக்கு நல்ல முன்மாதிரி, வால்வ் 2013-இல் கவுன்டர்-ஸ்ட்ரைக்: குளோபல் அஃபென்சிவ் கேமில் தொடங்கிய ஓவர்வாட்ச் முறை. அனுபவமுள்ள ஆட்டக்காரர்களே சந்தேகத்துக்குரியவரின் 8 சுற்றுகளைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னார்கள். பெயர் மறைக்கப்பட்டிருக்கும். குறிவைக்க உதவி, பார்வைக்கு உதவி, பிற வெளி உதவி, சொந்த அணியைக் கெடுத்தல் என்று தனித்தனிக் கேள்விகள். பதில் இரண்டே: ஐயத்துக்கு இடமின்றித் தெரிகிறது, அல்லது ஆதாரம் போதாது. ‘நிரபராதி’ என்ற பதிலே இல்லாதது நல்ல வடிவமைப்பு. பார்ப்பவரிடம் தெரியாததைச் சொல்லும்படி அது கேட்பதில்லை.

இதையே சிறிய அளவில் செய்யலாம். ஒரு வழக்குக்கு மூன்று பேர், மூவரும் ஒத்தால்தான் தண்டனை. பெயரோடு ரேங்க்கையும் மறையுங்கள். பத்து வழக்குக்கு ஒன்று, விடை ஏற்கெனவே தெரிந்த வழக்காக இருக்கட்டும். அதில் அப்பாவியைக் குற்றவாளி என்பவரின் தீர்ப்பை எடுத்துக்கொள்ளாதீர்கள். வால்ஹேக் வழக்கில் பார்ப்பவருக்கு இரண்டு காட்சிகள் வேண்டும்: முதலில் சந்தேகத்துக்குரியவருக்குத் தெரிந்தது மட்டும், பிறகு சுவர்களைத் தாண்டிய காட்சி. இரண்டாவதை முதலில் காட்டினால், தற்செயலாகச் சுவரைப் பார்த்ததும் குற்றமாகவே படும்.

வசவு ரிப்போர்ட்டுகளுக்குத் தனி வரிசை வையுங்கள். அதற்கு ஆட்டப் பதிவு வேண்டாம், அரட்டைப் பதிவு போதும். தமிழ் ஆட்டக்காரர்கள் அதிகம் இருந்தால் ஆயத்தச் சொல் வடிகட்டி அதிகம் உதவாது. ஆங்கில எழுத்தில் அடிக்கப்படும் தமிழ் வசவுக்கு ஒரே சொல்லுக்கு ஏழெட்டு எழுத்துக்கூட்டு உண்டு. தமிழ் தெரிந்த ஒருவரே பார்க்க வேண்டும்.

பிடித்த பிறகு

உடனே தடைசெய்தால் அந்த ஆட்டத்தில் இருந்த மற்ற 9 பேருக்கும் நிம்மதி. கவுன்டர்-ஸ்ட்ரைக் 2-இல், ஆட்டம் நடக்கும்போதே பிடிக்கும் வாக் லைவ் அப்போதே ஆட்டத்தை ரத்தும் செய்கிறது. ஆனால் உடனடித் தடை, எது பிடிபட்டது என்பதை ஹேக் விற்பவருக்குச் சொல்லிக் கொடுத்துவிடும். சேர்த்துவைத்து அலையாகத் தடைசெய்தால் அது தெரியாது, அதற்குள் பல நாள் பலருடைய ஆட்டம் கெடும். விளையாட்டிலேயே வெளிப்படையாகத் தெரியும் போங்காட்டத்துக்கு உடனடித் தடையும், மென்பொருள் அடையாளத்தால் பிடித்ததற்கு இரண்டு மூன்று வார அலையும் என்று பிரித்துக்கொள்வதே சரி. அலைக்கு நல்ல எடுத்துக்காட்டு, 2023 பிப்ரவரியில் டோட்டா 2-இல் வால்வ் செய்தது. சாதாரண ஆட்டத்தில் ஒருபோதும் படிக்கப்படாத தரவுப் பகுதி ஒன்றை கிளையன்ட்டுக்குள் வைத்தார்கள். அதைப் படித்த 40,000-க்கும் மேற்பட்ட கணக்குகள் ஒரே வீச்சில் தடைபட்டன. சிறிய குழுவும் செய்யக்கூடிய பொறி இது, தவறும் வாய்ப்பும் மிகக் குறைவு.

கால் ஆஃப் டூட்டியில் சந்தேகத்துக்குரியவரின் தோட்டா வலிமையைக் குறைப்பது, எதிரிகளை அவர் கண்ணுக்கு மறைப்பது போன்ற முறைகள் உண்டு. இவற்றைப் பின்பற்ற வேண்டாம் என்றே சொல்வோம். தவறாகச் சிக்கிய அப்பாவிக்குத் தான் தண்டனையில் இருப்பதே தெரியாது, முறையிடவும் வழியில்லை.

ஐ.பி. முகவரியைத் தடைசெய்யக் கூடாது. இந்தியாவில் மொபைல் நெட்வொர்க்கில் எண்ணற்றோர் ஒரே முகவரிக்குப் பின்னால் இருப்பார்கள். கணினியின் வன்பொருள் அடையாளத்தைத் தடைசெய்வது வலிமையானது, ஆனால் பிரவுசிங் சென்டரில் ஒருவர் செய்த தப்புக்கு அடுத்து வந்து உட்காரும் பையன் மாட்டுவான். பழைய கணினியை வாங்கியவருக்கும் இதே கதி. மூன்றாவது முறை பிடிபட்ட பிறகே வன்பொருளைத் தொடுங்கள், அதற்கும் ஓர் ஆண்டு என்று காலவரை வையுங்கள்.

முறையீட்டை, தீர்ப்புச் சொன்ன மூவரில் இல்லாத நான்காமவர் பார்க்க வேண்டும். அதற்காகவே தடைபட்டவரின் பதிவை 14 நாளில் அழிக்காமல் 90 நாள் வைத்திருங்கள். எந்த ஆட்டம், எந்த வகைக் குற்றம், எந்தத் தேதி என்பதைத் தடைபட்டவருக்குச் சொல்லலாம். எப்படிப் பிடித்தோம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. தவறு என்று தெரிந்தால் தடையை நீக்குவதோடு, இழந்த ரேங்க்கையும் பொருள்களையும் திருப்பித் தந்து, சுயவிவரத்தில் தடை என்ற குறியையும் அழிக்க வேண்டும். 2010-இல் தவறாகத் தடைசெய்த அந்த 12,000 பேருக்கும் வால்வ், லெஃப்ட் 4 டெட் 2 கேமை அவர்களுக்கு ஒன்றும், நண்பருக்குத் தர ஒன்றுமாக இரண்டு பிரதிகள் கொடுத்தது.